விழுந்த ஹிஸ்டோரியனை எழுப்பும் ரெக்கவரி டேப்: ஒன்பது மாதம் பயன்படுத்திய பிறகு

காலை ஆறரைக்கு இரவு ஷிப்ட் ஆபரேட்டர் போன் செய்தார். "தம்பி, டிரம் லெவல் கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க."

பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் ஒரு நிமிடம்கூட நேராக நிற்காது. தண்ணீர் விடும் வால்வு திறந்து மூடிக்கொண்டே இருக்கும், டிரெண்ட் என்ற வரைபடத்தில் கோடும் கூடவே நெளியும். போய்ப் பார்த்தேன். 2.17 மணிக்கு ஒரு புள்ளி, 6.05 மணிக்கு ஒரு புள்ளி, நடுவில் சாய்வாக ஒரே நேர்கோடு. அந்த மூன்று மணி 48 நிமிடத்துக்கு, ஆலையின் எண்களைச் சேமிக்கும் மென்பொருளான ஹிஸ்டோரியனிடம் எதுவுமே இல்லை. இரண்டு புள்ளிக்கும் இடையில் டிரெண்ட் திரை தானாக ஒரு கோட்டை இழுத்து விட்டிருந்தது. அண்ணனுக்கு இருபது வருட அனுபவம், அதனால்தான் கண்ணில் பட்டது. புது ஆள் அந்தக் கோட்டை உண்மை என்றே நம்பி ரிப்போர்ட்டில் ஒட்டியிருப்பார்.

நடந்தது இதுதான். ஆலையின் அழுத்தம், வெப்பம், மட்டம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி சேமித்து வைக்கிற ஹிஸ்டோரியன் சர்வீஸ் (திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம்) 2.17-க்குச் செத்துப்போனது. கண்ட்ரோல் ரூம் திரைகள் எண்களை, ஆலையை இயக்கும் கண்ட்ரோலரிடமிருந்து நேராக எடுப்பதால் யாருக்கும் தெரியவில்லை. தினமும் ஆறு மணிக்கு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், சர்வீஸை நிறுத்தி, ஃபைல்களை நகல் எடுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யும். அது வந்து ஸ்டார்ட் செய்ததால்தான் 6.05-க்கு உயிர் வந்தது. நான் போய்ப் பார்க்கும்போது எல்லாம் பச்சையாக இருந்தது.

அன்றுதான் அந்த சர்வீஸின் ப்ராப்பர்டீஸைத் திறந்து, ரெக்கவரி டேப்பை (அந்த அமைப்புப் பெட்டியின் ஒரு பக்கம்) முதல் முறையாகப் பார்த்தேன். முதல் தோல்வி, இரண்டாம் தோல்வி, அடுத்து வரும் தோல்விகள் என்று மூன்று வரி. மூன்றிலும் "எதுவும் செய்யாதே". மென்பொருளை நிறுவிய கம்பெனி அதைத் தொட்டிருக்கவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 7034 என்ற எண்ணோடு ஒரு வரி: சர்வீஸ் எதிர்பாராமல் முடிந்தது, இது முதல் முறை. அதோடு சரி.

ஹிஸ்டோரியன் மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் இங்கே எழுதுவது விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிற இந்த ரெக்கவரி வசதியைப் பற்றி. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஒன்பது மாதமாக இதை நம்பி ஓட்டுகிறேன். எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று சொல்கிறேன்.

அமைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு தோல்விக்கும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: எதுவும் செய்யாதே, சர்வீஸை ரீஸ்டார்ட் செய், ஒரு புரோகிராமை ஓட்டு, கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய். எத்தனை நிமிடம் கழித்து ரீஸ்டார்ட், எத்தனை நாள் கழித்துத் தோல்விக் கணக்கைப் பூஜ்யமாக்குவது என்று இரண்டு கட்டங்கள். முதல் இரண்டுக்கும் ரீஸ்டார்ட் வைத்தேன், மூன்றாவதுக்கு எனக்குச் செய்தி அனுப்பும் ஒரு ஸ்கிரிப்ட், கணக்கு ஒரு நாளில் பூஜ்யம்.

கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்யும் நான்காவது வழியை ஹிஸ்டோரியன் சர்வரில் யாரும் வைக்க வேண்டாம் என்பேன். எங்கள் சர்வரில் ரிப்போர்ட் சேவையும் டேட்டாபேஸும் கூடவே ஓடுகின்றன. ஒன்று விழுந்ததற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடுவது தப்பு. அதிலும் டிஸ்க் நிறைந்ததால் சர்வீஸ் விழுந்தது என்று வையுங்கள், சர்வர் எழுந்து விழுந்து எழுந்து விழுந்து காலை வரை அதையே செய்துகொண்டிருக்கும்.

ஒரு குறை இங்கேயே உண்டு. திரையில் ரீஸ்டார்ட் இடைவெளிக்கு ஒரே ஒரு கட்டம்தான், அதுவும் நிமிடக் கணக்கில். முதல் தோல்விக்கு ஒரு நிமிடம், இரண்டாவதுக்கு ஐந்து நிமிடம் என்று தனித்தனியாக வைக்கத் திரை விடாது. கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்சி கட்டளையைப் பயன்படுத்தினால் முடியும். அங்கே இடைவெளி மில்லிசெகண்டில், கணக்கு பூஜ்யமாகும் காலம் செகண்டில்: ஒரு நிமிடம் என்றால் 60000, ஒரு நாள் என்றால் 86400. இரண்டும் இரண்டு அலகு என்பதைக் கவனிக்காமல் நான் முதலில் 60 என்று போட்டுவிட்டேன். செத்த அடுத்த கணமே எழுப்பப் பார்த்தது. பழைய புராசஸ் (ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்) பிடித்திருந்த, மதிப்புகளைச் சேமிக்கும் ஆர்க்கைவ் ஃபைலை ஆன்ட்டிவைரஸ் அப்போதுதான் ஸ்கேன் செய்துகொண்டிருந்தது, ஃபைலைத் திறக்க முடியாமல் புதியதும் விழுந்தது. ஆகவே இடைவெளியை ஒரு நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். ஆர்க்கைவ் ஃபோல்டரை ஆன்ட்டிவைரஸிலிருந்து விலக்கியும் வையுங்கள்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒரு சின்னக் கட்டம். டேப்பின் கீழே, பிழையோடு நின்றாலும் நடவடிக்கை எடு என்ற அர்த்தத்தில் ஒரு டிக் இருக்கும். நான் அதை விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து சர்வீஸ் மறுபடி நின்றது. ரெக்கவரி கிளம்பவே இல்லை. ஈவென்ட் வியூவரில் இந்த முறை இருந்தது 7024. வித்தியாசம் இதுதான்: விண்டோஸின் பார்வையில் தோல்வி என்றால், "நான் நின்றுவிட்டேன்" என்று சொல்லாமல் புராசஸ் திடீரென மறைவது. எங்கள் சர்வீஸோ உள்ளே வந்த பிழையைத் தானே பிடித்து, லாகில் எழுதி, பிழை எண்ணோடு முறைப்படி விடைபெற்றுப் போனது. சொல்லிவிட்டுப் போனவனை விண்டோஸ் தேடாது. அந்த டிக்கைப் போட்டால் தேடும். விஸ்டா, சர்வர் 2008 காலத்தில் வந்த வசதி இது. நல்ல முறையில் எழுதப்பட்ட சர்வீஸ்கள்தான் இப்படிச் சொல்லிவிட்டுப் போகும், ஆகவே இந்த டிக் கட்டாயம் வேண்டும். இதனால் எனக்கு 40 நிமிட டேட்டா போனது.

அமைத்த பிறகு சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். சர்வீஸஸ் திரையில் ஸ்டாப் பட்டனை அழுத்துவது சோதனை ஆகாது, அது நாமே நிறுத்தியது, தோல்விக் கணக்கில் சேராது. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம் போய் அந்தப் புராசஸை முடிக்க வேண்டும். ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு, ஒரு மதிய நேரத்தில் செய்தேன். முடித்ததும் 7031 வந்தது: எதிர்பாராமல் முடிந்தது, 60000 மில்லிசெகண்டில் சர்வீஸ் ரீஸ்டார்ட் செய்யப்படும். 7034-க்கும் 7031-க்கும் உள்ள வேறுபாடே அந்தக் கடைசிப் பாதிதான். ஒரு நிமிடம் கையில் வாட்சை வைத்துக்கொண்டு நின்றேன். சரியாக எழுந்தது. ஆனால் டிரெண்டில் முதல் புதிய புள்ளி விழ இன்னும் 50 செகண்ட் ஆனது. கடைசி ஆர்க்கைவ் ஃபைல் பாதியில் அறுந்திருந்ததால் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கியது. சர்வீஸ் ஓடுகிறது என்பதும் டேட்டா சேருகிறது என்பதும் ஒன்றில்லை என்று அப்போது மனதில் பதிந்தது.

மூன்றாவது தோல்விக்கு வைத்த ஸ்கிரிப்ட் முதல் சோதனையில் ஓடவில்லை. அது எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது என்று நான் யோசித்திருக்கவில்லை. சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அதே கணக்கில்தான் இந்தப் புரோகிராமும் ஓடும். அந்தக் கணக்குக்கு என் லாக் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை. திரையில் பெட்டி காட்டும் புரோகிராம் எதையும் இங்கே வைக்கவும் கூடாது, அதைப் பார்த்து ஓகே அழுத்த அங்கே யாரும் இல்லை.

இதுவரை சொன்னதற்காகவே பத்துக்கு ஏழு கொடுப்பேன். கழித்த மூன்றும் இனி சொல்லப்போவதற்காக.

ஐந்தாவது மாதம். சர்வீஸ் "ரன்னிங்" என்றே காட்டியது. புராசஸ் உயிரோடு இருந்தது, மெமரி பிடித்திருந்தது, சிபியு பூஜ்யம். ஒரு டேக்கில்கூட (ஒவ்வொரு அளவீட்டுக்கும் வைத்த பெயர்) புது மதிப்பு சேரவில்லை. உள்ளே எங்கோ ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு பூட்டிக்கொண்டன. ரெக்கவரி டேப்பைப் பொறுத்தவரை இது தோல்வியே இல்லை. செத்தால் தெரியும், உறைந்தால் தெரியாது. லினக்ஸில் சிஸ்டம்டி இதற்கு ஒரு வாட்ச்டாக் வைத்திருக்கிறது: குறித்த நேரத்துக்குள் சர்வீஸ் "இருக்கிறேன்" என்று குரல் கொடுக்காவிட்டால் அதைக் கொன்று, ரீஸ்டார்ட் விதி இருந்தால் அதன்படி மறுபடி கிளப்பும். சர்வீஸை எழுதியவர் அந்தக் குரலைக் கொடுக்கும்படி எழுதியிருக்க வேண்டும், அது வேறு விஷயம். விண்டோஸின் ரெக்கவரி டேப்பில் அதற்கு இடமே இல்லை. இந்த வசதியின் பெரிய ஓட்டை இதுதான்.

ஓட்டையை நானே அடைத்தேன். டாஸ்க் ஷெட்யூலரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடும். ஒரு டேக்கின் கடைசி மதிப்புக்கு என்ன நேரம் பதிவாகியிருக்கிறது என்று ஹிஸ்டோரியனிடம் கேட்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்து, அடுத்த முறை கேட்கும்போதும் அப்படியே இருந்தால், முதலில் புராசஸின் டம்ப் ஒன்றை (அந்த நேரத்து மெமரியின் நகல்) எடுத்து வைத்துவிட்டுப் புராசஸைக் கொல்லும். ரீஸ்டார்ட் செய்யாது. அதை வேண்டுமென்றே அப்படி வைத்தேன். உறைந்த சர்வீஸிடம் "நில்" என்று சொன்னால் நிற்பதில்லை, காத்திருந்து நேரம்தான் போகும். கொன்றுவிட்டால் ரெக்கவரி டேப் அதைச் சாவாகப் பார்த்து எழுப்பும், தோல்விக் கணக்கிலும் சேரும், 7031-ம் பதிவாகும். எல்லா விழுதலும் ஒரே வழியாகப் போனால் பின்னால் லாகைப் படிக்க எளிது.

டேக்கைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தவறு செய்தேன், மற்றவர்கள் செய்ய வேண்டாம். முதலில் ஒரு நீராவி அழுத்த டேக்கை வைத்திருந்தேன். ஆலை நிறுத்தத்தின்போது அழுத்தம் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. ஹிஸ்டோரியன் மாறாத மதிப்பைத் திரும்பத் திரும்பச் சேமிக்காது, டிஸ்க்கை மிச்சப்படுத்துவதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். என் ஸ்கிரிப்டுக்கு அது உறைந்ததாகத் தெரிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வீஸை அன்று இரண்டு முறை கொன்றது. இப்போது கண்ட்ரோலரிலேயே ஒரு கவுண்டர் வைத்திருக்கிறேன். பத்து செகண்டுக்கு ஒன்று கூடும், 9999 வந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது மாறிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலரிலிருந்து, மதிப்புகளை வாங்கி ஹிஸ்டோரியனுக்கு அனுப்பும் கலெக்டர், ஹிஸ்டோரியன், ஆர்க்கைவ் வரை முழுப் பாதையும் உயிரோடு இருக்கிறதா என்று அந்த ஒரு எண் சொல்லிவிடும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பாதையில் வேறு எங்கே அறுந்தாலும் அந்த எண் நிற்கும். அதனால் கலெக்டர் இணைப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் என் ஸ்கிரிப்ட் கையை ஓங்கும்.

பாஸ்வேர்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் சர்வீஸ் ஒரு டொமைன் கணக்கில் (நிறுவன நெட்வொர்க் முழுவதற்குமான பயனர் கணக்கு) ஓடியது. பாதுகாப்பு விதிப்படி அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஒருவர் மாற்றிவிட்டார், சர்வீஸில் மாற்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸுக்கு அது தெரியாது, லாகின் கேட்பது ஸ்டார்ட் ஆகும்போதுதான். அன்று இரவே சர்வீஸ் விழுந்தது, ரெக்கவரி எழுப்பப் போனது, உள்ளேயே போக முடியவில்லை. ஈவென்ட்டில் 7038, கையால் ஸ்டார்ட் செய்தால் 1069. ரெக்கவரியின் மேல் குற்றமில்லை. ஆனாலும் அதை நம்பித் தூங்கிய எனக்கு அந்த இரவு டேட்டா இல்லாமல் போயிருக்கும். இப்போது பாஸ்வேர்டை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் நிர்வகிக்கப்பட்ட சேவைக் கணக்குக்கு மாற்றிவிட்டோம். உங்கள் மென்பொருள் அதை ஏற்குமானால் இன்றே மாற்றுங்கள்.

"இல்லாமல் போயிருக்கும்" என்றேன், போகவில்லை. காரணம் ரெக்கவரி டேப்புக்கு வெளியே இருக்கிறது. சர்வீஸை ஒரு நிமிடத்தில் எழுப்பினாலும் அந்த ஒரு நிமிடத்தின் மதிப்புகளை எழுந்த சர்வீஸ் எங்கிருந்து எடுக்கும்? கண்ட்ரோலர் இப்போதைய எண்ணை மட்டும் சொல்லும், பழையதை வைத்திருக்காது. நடுவில் இருக்கும் கலெக்டர் பிடித்து வைத்திருந்தால்தான் உண்டு. எங்கள் கலெக்டரில் சேமித்து அனுப்பும் வசதி இருந்தது, நிறுவும்போதே அணைத்து வைத்திருந்தார்கள். முதல் இரவின் மூன்று மணி 48 நிமிடம் போனது அதனால்தான். ரெக்கவரி டேப்பை அமைத்துவிட்டு இதை மறந்தால் பாதி வேலைதான் முடிந்தது.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 1,200 டேக், ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு மதிப்பு, ஆக மணிக்கு 43.2 லட்சம் மதிப்புகள். ஒரு மதிப்புக்கு 20 பைட் என்று வைத்தால் மணிக்கு 86.4 எம்பி. நீண்ட விடுமுறையில் சர்வர் விழுந்து யாரும் வரவில்லை என்று மோசமாக நினைத்து 72 மணி நேரம் வைத்தேன், சுமார் 6.2 ஜிபி. கலெக்டர் கம்ப்யூட்டரில் அதற்கு இடம் தாராளமாக இருந்தது, யாரும் கேட்கவில்லை அவ்வளவுதான். ஒதுக்கி, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, இருபது நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து செருகினேன். டிரெண்டில் காலியாக இருந்த இடம் இடமிருந்து வலமாக மெல்ல நிரம்பியது. நெளிந்த கோடு, கொஞ்சம் கொஞ்சமாக. அன்றைக்கு அதைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எங்களிடம் மணிக்கொரு முறை கூட்டும் நீராவிக் கணக்கு, காலி இடம் நிரம்பிய பிறகு தானாகத் திரும்பக் கணக்கிடவில்லை. மூல மதிப்புகள் வந்துவிட்டன, மொத்தம் மட்டும் குறைவாகவே நின்றது. அந்த மணிகளுக்குக் கையால் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. உங்கள் மொத்தக் கணக்குகளையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

யாருக்கு இது போதும்? இரவில் ஆளில்லாத ஒரே ஒரு சர்வர், இரட்டை சர்வர் வாங்கப் பணம் ஒதுக்காத நிர்வாகம், விழுந்தாலும் சில நிமிடத்தில் எழுந்தால் சரி என்ற தேவை: இவர்களுக்குப் போதும், கூடவே கலெக்டரின் சேமித்து அனுப்பும் வசதியும் அந்தக் கவுண்டர் டேக்கும் இருந்தால். ஒரு நொடிகூட இடைவெளி கூடாது என்று சட்டம் கேட்கிற இடத்தில் இருப்பவர்கள் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம், இரண்டாவது சர்வருக்குக் கோப்பு எழுதுங்கள்.

போன மாதம் ஒரு காலை உள்ளே நுழைந்ததும் ஷிப்ட் லாக் புத்தகத்தைப் புரட்டினேன். அதே அண்ணன் கையெழுத்தில் ஒரு வரி: "3.42 ஹிஸ்டோரியன் நின்று தானாக வந்தது. டிரம் லெவல் பார்த்தேன், கோடு சரி." ஈவென்ட் வியூவரைத் திறந்தேன், 3.40-க்கு 7031. டிரெண்டைப் பெரிதாக்கி 3.40-க்கும் 3.42-க்கும் நடுவில் பார்த்தேன். நெளிந்துதான் இருந்தது.

ஏன் விழுகிறது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. டம்ப் ஃபைல்களை மென்பொருள் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.